செப்டம்பர் 30-க்குள்

செப்டம்பர் 3, 2023, ஞாயிறு, கோயம்புத்தூர்

வரித் தணிக்கை அறிக்கைகளைப் பதிவேற்ற இம்மாதம் 30 கடைசி நாள். மேசையில் 38 கோப்புகள் இருக்கின்றன, முடிந்தவை ஆறு. நான் தணிக்கையாளராகிப் பத்தொன்பது ஆண்டுகள், பெரும்பாலும் செப்டம்பர் இப்படித்தான் வருகிறது. எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுவன்று, வெள்ளிக்கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அவிநாசி பக்கத்திலுள்ள ஒரு நூற்பாலையின் கணக்காளர், நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அறிந்தவர், தம் அண்ணன் தவறிவிட்டதால் சரக்கிருப்புப் பட்டியல் சில நாட்கள் தாமதமாகும் என்றார். "சரி, எந்தத் தேதிக்குள் வரும்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "பதினொன்னுக்குள்ள அனுப்பிடறேங்க மேடம்" என்றார். தேதியைக் குறித்துக்கொண்டு கைப்பேசியை வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்பது இரவு சாப்பிடும்போதுதான் உறைத்தது.

செப்டம்பர் 6

அயர்ச்சி எனக்குப் பழக்கமானது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் அது போய்விடும். இம்முறை ஞாயிறு இரவு ஒன்பது மணி நேரம் தூங்கியும், எழுந்தபோது தூங்காதவள் போலவே இருந்தேன். இன்று காலை ஒரு கட்சிக்காரர், அதாவது என்னிடம் தணிக்கைக்கு வருபவர், சந்திப்பைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டபோது, அந்த வேலை 30-ஆம் தேதியை இன்னும் நெருக்கும் என்று தெரிந்தும், பெரிய பாரம் இறங்கியதைப் போல மகிழ்ந்தேன்.

செப்டம்பர் 9

'பர்ன் அவுட்' என்ற சொல்லை எல்லோரையும் போல நானும் மென்பொருள் துறையினரின் சொல்லாகவே கருதியிருந்தேன். படித்துப் பார்த்தால், 1974-இல் அதைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களிடம், ஈடுபாட்டோடு வந்து மெல்ல மெல்ல வற்றிப்போனவர்களிடம், அதைக் கண்டிருக்கிறார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து வெளியிட்ட அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பாராமல் விலகிப்போவது, செய்த வேலை எதுவும் பொருட்டாகத் தோன்றாதது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், சமாளிக்கப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் வரும் தொழில்சார் நிலை என்று வகைப்படுத்தியது.

இரண்டாவதைப் படித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நான் எதிர்பார்த்திருந்த அடையாளம் களைப்பு. என்னிடம் முதலில் வெளிப்பட்டதோ அந்த விலகல். சில மாதங்களாகவே கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லாமல் "பம்ப்பு ஃபவுண்டரி பார்ட்டி", "பதினேழாம் நம்பர்" என்றே உதவியாளர்களிடம் சொல்லி வருகிறேன். தண்ணீரில்லாமல் வெயிலில் நுனி கருகும் பயிரைத் தீய்ந்துவிட்டது என்பார்களே, இதற்கு அந்தச் சொல்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 11

சொன்னபடியே பட்டியல் வந்துவிட்டது. மின்னஞ்சலில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

செப்டம்பர் 13

வரித் தணிக்கை விவரங்களை நிரப்பும் 3சிடி படிவத்தின் 44 பிரிவுகளில் 20(பி) எனக்கு மனப்பாடம். தொழிலாளரின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியை உரிய தேதிக்குள் கட்டினார்களா என்பதை அங்கே காட்ட வேண்டும். தாமதமாகக் கட்டிய தொகை செலவாக ஏற்கப்படாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்த பிறகு, ஒரு நாள் பிந்தினாலும் அது வரியாகத் திரும்பி வரும். இன்று ஓர் அறிக்கையில் இரண்டு மாதத் தாமதங்களைக் காணாமல் ஒப்பமிடப் போனேன். பயிற்சி மாணவி சுட்டிக்காட்டியதால் தப்பியது. தவறைவிட, அது தெரிந்தபோது எனக்குப் பதற்றமே வராதது என்னை அச்சுறுத்தியது.

செப்டம்பர் 16

சென்ற வாரம் வேலை செய்த நேரத்தைக் கூட்டினேன்: 71 மணி. வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தணிக்கை அலுவலகங்களில் இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த மாணவி இரவு ஒன்பதரை மணிக்கு என் எதிரே உட்கார்ந்து ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் எடுத்து வந்த டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் பக்கத்திலேயே இருந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பினேன். இனி ஏழு மணிக்கு மேல் பயிற்சி மாணவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதை என்றோ செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 18, விநாயகர் சதுர்த்தி

அம்மா கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே, "நீ ஆடியில இருந்தே இப்படித்தான் இருக்கறே கண்ணு" என்றார். அது ஜூலை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதம். நான் செப்டம்பரில் கண்டுபிடித்ததை வீட்டார் இரண்டு மாதம் முன்பே பார்த்திருக்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர் தம்மைத் தாமே அளந்துகொள்வதை நம்பிவிடக் கூடாது. கூட இருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 21

மருத்துவரைப் பார்த்தேன். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே களைப்பைத் தரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 10.4. இரும்புச்சத்து மாத்திரை தந்தார், ஆனால் மனிதர்கள் மேல் வந்த விறைப்புக்கு அது மருந்தாகாது என்றும் சொன்னார். வேலையைச் சுற்றியே எழும் இந்த வறட்சி, பிடித்த பாட்டு, பிள்ளைகள், சாப்பாடு என எல்லாவற்றிலும் பரவி இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அப்போது மனநல மருத்துவரிடம் தயங்காமல் வர வேண்டும் என்றார். இரவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம் என்று எழுதித் தந்தார். அந்தத் தாளை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

செப்டம்பர் 24

ஐந்து கோப்புகளை, கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு, என்னோடு படித்த தோழியின் அலுவலகத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். கட்டணம் போகும். அந்த ஐந்தையும் நானே வைத்திருந்தால் எந்த 20(பி)-யைத் தவற விட்டிருப்பேனோ தெரியாது.

செப்டம்பர் 27

நூற்பாலைக்கு நேரில் போனேன். ஒப்பமிட வேண்டிய தாள்களை அந்தக் கணக்காளரே வரிசையாக எடுத்து வைத்தார். "அண்ணனுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். முதலில், "வயசாயிடுச்சுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். தாள்களை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அண்ணன்தான் இவரைப் படிக்க வைத்தவரா என்று கேட்டேன். தறி ஓட்டித் தம்மை பி.காம். வரை படிக்க வைத்தவர் என்று சொல்லத் தொடங்கி, முக்கால் மணி நேரம் பேசினார்.