எந்தத் தண்ணீரைப் படிக்கப் போகிறாய்?

சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் மார்க் வந்துவிட்டதாம். "அக்கா, ஹைட்ராலஜி எடுக்கலாம்னு இருக்கேன். எந்த காலேஜ் நல்லது?" என்றாள். ஹைட்ராலஜி என்றால் தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்று படிக்கிற நீரியல். கூடவே கல்லூரிகளின் ரேங்க் பட்டியல் ஒன்றையும் வாட்ஸப்பில் தட்டிவிட்டாள். அந்தப் பட்டியலை நான் திறக்கவே இல்லை. நானும் ஒரு காலத்தில் அதைப் பார்த்துத்தான் இரண்டு மாதம் தூக்கம் கெட்டேன்.

என் கதை ஒரு தேங்காயில் ஆரம்பித்தது. எங்கள் ஊர் சிங்கம்புணரிப் பக்கம். நான் பி.இ. சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கிணறு வற்றிவிட்டது, அப்பா போர் போட முடிவு செய்தார். நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வயலில் நடந்தார். வேப்பமரத்துக்குத் தெற்கே ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கேயே போட்டோம். விடிய விடிய 620 அடி. வெள்ளை மாவு போலப் பாறைத்தூள் பறந்ததே தவிர ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலையில் அப்பா தலை முழுக்க அந்த மாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீ என்னமோ இன்ஜினியரிங் படிக்கிறியே, இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?" என்று கேட்டார்.

சொல்லித்தரவில்லைதான். எங்கள் கல்லூரியில் ஹைட்ராலஜி ஒரே ஒரு விருப்பப்பாடம். பெய்த மழை ஆற்றில் எவ்வளவு வெள்ளமாக வரும் என்று பார்க்கும் யூனிட் ஹைட்ரோகிராப் கணக்கு இரண்டு போட்டால் பாஸ். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தித் தண்ணீர் தேடும் ரெசிஸ்டிவிட்டி மீட்டர் ஒன்று லேப் பீரோவில் இருந்தது. நான்கு வருடத்தில் அந்தப் பீரோ திறந்து நான் பார்த்ததில்லை.

ஆக, எனக்கு வேண்டியது நிலத்தடி நீர். இது அப்போது தெளிவாகத் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும். 'தண்ணீர்ப் படிப்பு' என்று ஒன்று கிடையாது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்துக்குப் போனால் பாசனம், ஏரி நிர்வாகம், விவசாயிகளோடு உட்கார்ந்து பேசுவது, இந்தப் பக்கம் கனம் அதிகம். சூரத்கல் என்ஐடியில் நீர்வளமும் கடல்சார் பொறியியலும் ஒரே துறை. ஐஐடி மெட்ராஸில் இது சிவில் துறைக்குள் இருக்கிறது. உத்தராகண்டில் இருக்கும் ஐஐடி ரூர்க்கியில் மட்டும் ஹைட்ராலஜிக்கே தனித் துறை. 1972-ல் யுனெஸ்கோ ஆதரவோடு தொடங்கியது. அதே ஊரில் தேசிய நீரியல் நிறுவனமும் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய நீர்வள மேம்பாட்டுத் துறை வேறு ஐஐடி வளாகத்திலேயே தனியாக உண்டு. விண்ணப்பம் போடும்போது இந்த இரண்டு துறைகளையும் நான் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் போய்ப் படிக்கும் ஆசையும் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் நிலப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டும். தவிர, நெதர்லாந்துக்காரர்களுக்குத் தண்ணீரை எப்படி வெளியே தள்ளுவது என்பது கவலை. எங்களுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கவலை.

கடைசியில் கிண்டியா, ரூர்க்கியா என்று வந்து நின்றது. இரண்டு இடத்திலும் படித்த சீனியர்களைத் தேடிப் பிடித்து ஒரே கேள்வி கேட்டேன்: "வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள்?" கிண்டி அக்கா, ஒரு ஏரியின் மதகு மதகாக நடந்து, கடைமடைக்காரர்களின் சண்டையை எழுதிவந்த கதையைச் சொன்னார். ரூர்க்கி அண்ணன், குழாய்க்கிணற்றில் பம்ப் ஓடும்போது நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று ராத்திரி முழுக்க நாடா விட்டு அளந்ததைச் சொன்னார். எனக்கு இரண்டாவது கதைதான் தூக்கத்திலும் வந்தது. அம்மாவுக்கு ரூர்க்கி வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும் என்றதும் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

அங்கே போன முதல் வாரம் சோலானி நீர்ப்பாலத்தைப் பார்த்தேன். 1854-ல் திறந்த கங்கைக் கால்வாய், ஆற்றைக் குறுக்கே கடந்து மேலே ததும்பி ஓடுகிறது. கீழே சோலானி ஆறு மணலாகக் கிடக்கிறது. தலைக்கு மேல் தண்ணீர், காலடியில் ஆறு காய்ந்து கிடக்கிறது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் எச்சரிக்கவில்லை. அங்கே காலுக்கடியில் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல். அடிபம்பை நாலு முறை அழுத்தினால் தண்ணீர். எங்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. பாறையில் விரிசல் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் தண்ணீர், பத்தடி தள்ளினால் வெறும் பாறைத்தூள். வண்டலுக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே சிங்கம்புணரிக்குக் கொண்டுவர முடியாது. விரிசல் பாறைப் பாடத்தை நானாகத்தான் தேடிப் படித்தேன். கண்மாய் பற்றியும் அப்படியே.

இன்னொன்று, இதைச் சித்தி மகளிடம் இரண்டு தடவை சொன்னேன். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் ஹைட்ரோஜியாலஜி, அதாவது நிலத்தடி நீரியல், பிரிவில் விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் யுபிஎஸ்சி புவி விஞ்ஞானி தேர்வு எழுத வேண்டும். அதற்கு ஜியாலஜியிலோ ஹைட்ரோஜியாலஜியிலோ முதுகலை கேட்பார்கள். சிவில் படித்துவிட்டு எம்.டெக். வாங்கிய நான் அந்த வாசலில் நின்று திரும்பியவள். என் வகுப்பிலேயே ஜியாலஜி படித்து வந்தவர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டு நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர் ஆக பி.இ. சிவிலே போதும், எம்.டெக். யாரும் கேட்பதில்லை. வேலையை முதலில் பார்த்துவிட்டு, அறிவிக்கையில் தகுதி என்று போட்டிருப்பதை வரி விடாமல் படித்துவிட்டு, அப்புறம் பட்டத்தின் பெயரைப் பார் என்றேன். "அப்போ ரேங்க்?" என்றாள். சரி, அதையும் பாரேன், யார் வேண்டாம் என்றது.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் அப்பா விடவில்லை. ரெசிஸ்டிவிட்டி மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். நான்கு கம்பிகளை மண்ணில் அடித்து, இடைவெளியைக் கூட்டிக்கூட்டி இரண்டு நாள் வயல் முழுக்க அளந்தேன். வேப்பமரத்திலிருந்து நாற்பது மீட்டர் வடக்கே ஓரிடம் குறித்துக் கொடுத்தேன். வண்டி வந்து நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. 310 அடியில் ஒன்றரை இஞ்சு தண்ணீர். பெரிய ஊற்று ஒன்றும் இல்லை, ஆனால் தென்னைக்குப் போதும்.

செய்தி கேட்டுத் தேங்காய்க்காரரும் வந்து பார்த்தார். குழாயில் கை நனைத்து ஒரு வாய் குடித்தார். "அன்னைக்கே இந்த எடத்துலயும் தேங்கா லேசா அசைஞ்சுச்சு பாப்பா, நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.