கடைசி அணு வரை

மார்ச் 4

அணுக்களைப் படமாகக் காட்டும் புல அயனி நுண்ணோக்கிக்காக (field ion microscope) இன்று மூன்று டங்ஸ்டன் ஊசிமுனைகள் செய்தேன், மூன்றும் மொண்ணை. 0.25 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கம்பியை நேர்மின்முனையாக இணைத்தால், கரைசலின் மேற்பரப்பை ஒட்டிய இடம்தான் வேகமாக அரிக்கும். கரைந்து வரும் டங்ஸ்டேட் (டங்ஸ்டன் உப்பு) கனமானது. கம்பியோடு வழிந்து கீழ்ப்பகுதியைப் போர்த்திக் காப்பாற்றிவிடுகிறது. மேலே கழுத்து மெலிந்து மெலிந்து, கடைசியில் கீழ்த்துண்டு தன் எடையிலேயே அறுந்து விழும். அந்தக் கணத்தில் மேலே நிற்பது அருமையான முனை. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் அதுவும் கரைந்து மழுங்கும். நான் கையால் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தேன். நம் கையின் வேகம் இதற்கு எந்த மூலைக்கு!

மார்ச் 7

மின்னோட்டம் சட்டென்று குறைந்ததும் தானாகத் துண்டிக்கும் சர்க்யூட் தயார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முனையின் ஆரம் சுமார் 40 நானோமீட்டர். அப்புறம் கழுவும்போது குடுவை விளிம்பில் இடித்து வளைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 12

புது முனை வெற்றிடக் கலத்துக்குள் போனது. ஆக்சைடை நீக்கச் சூடேற்ற வேண்டும். சூடு மிஞ்சினால் மேற்பரப்பு அணுக்கள் நகர்ந்து முனை உருண்டுவிடும். தப்பித்தது.

மார்ச் 15

திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, ஹீலியம் விட்டு, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். முனையருகே ஹீலியம் அயனியாகிப் பறந்துபோய்த் திரையில் மோதும். 8.8 கிலோவோல்ட்டில் திரை முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் முனையின் ஓர் அணு. 1955இல் எர்வின் முல்லரும் கன்வர் பகதூரும் அணுக்களைக் கண்டது டங்ஸ்டன் முனையில்தான். இப்படி ஹீலியம் அயனிகளால் படம் எடுக்க நானோமீட்டருக்கு 44 வோல்ட் அளவு மின்புலம் வேண்டும். மின்புலத்தின் திசையை மாற்றி முனையிலிருந்து எலக்ட்ரானை எடுப்பதானால் அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

மார்ச் 16

முனையை இன்னும் கூராக்கக் கொஞ்சம் நைட்ரஜன் விட்டேன். உச்சியில் மின்புலம் கடுமையாக இருப்பதால், அங்கே வரும் நைட்ரஜன் தொடுவதற்கு முன்பே அயனியாகி விரட்டப்படுகிறது. பக்கவாட்டில்தான் ஒட்டி, அங்குள்ள டங்ஸ்டன் அணுக்களைக் கழற்றுகிறது. முனை கூராகக் கூராக, படத்துக்குத் தேவையான மின்னழுத்தமும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் திரையில் ஒரே ஒரு புள்ளி!

இன்னும் பளிச்சென்று தெரியட்டுமே என்று மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றினேன். பேராசைதான். அந்த அணு பிய்த்துக்கொண்டு பறந்தது.

சரி, அதற்குக் கீழே இருந்த மூன்று அணுக்கள் இப்போது தெரிகின்றன. நைட்ரஜன் வால்வை இன்னும் மூடவில்லை.