ஹடூப் கிளஸ்டரைப் பூட்டியபோது கற்றது

கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் டேட்டா இன்ஜினியராக இருக்கிறேன். கடன் கேட்டு வந்தவர்களின் பெயர், போன் நம்பர், வருமானம், தவணை விவரம் எல்லாம் ஒரு ஹடூப் கிளஸ்டரில் (பல மெஷின்களைச் சேர்த்து ஒரே பெரிய சேமிப்பிடமாக்கும் அமைப்பு) பல வருடங்களாகச் சேர்ந்து கிடந்தன. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று தெரிந்ததும் மேலிடத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே மேனேஜருக்கு ஒன்றைச் செய்து காட்டினேன். உள்ளே வருவது யார் என்று ஹடூப்புக்குச் சொல்லும் ஹடூப் யூசர் நேம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் என் பெயரை எடுத்துவிட்டு, நிர்வாகக் கணக்கின் பெயரான 'ஹெச்டிஎஃப்எஸ்' என்று போட்டேன். ஒரே வரிதான். பாஸ்வேர்டு கேட்கவில்லை. அவ்வளவுதான், நான் சூப்பர்யூசர். எந்த ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம். கெர்பரோஸ் (உள்ளே வருவது யார் என்று உறுதிசெய்யும் முறை) போடாத ஹடூப், நம் பெயர் என்று நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடும். "இத்தனை நாளா இப்படியேவா இருந்துச்சு?" என்றார். "ஆமா சார்" என்றேன். அதற்குப் பிறகு பட்ஜெட்டுக்காக நான் பேச வேண்டியிருக்கவில்லை.

கெர்பரோஸ் போட்ட ராத்திரி ஒரு மெஷின் மட்டும் சேரவே மாட்டேன் என்றது. அதன் ரகசியச் சாவி இருக்கும் ஃபைலான கீடேப்பை இரண்டு முறை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் அந்த மெஷினின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்தான் தாங்கும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் எல்லா மெஷினிலும் நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

அப்புறம் எந்த டேபிள் யாருடையது என்று தேட ஆரம்பித்தோம். பாதிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. யார் எதைத் திறந்தார்கள் என்று பதிவாகும் ஆடிட் லாகைப் பார்த்து, பல மாதமாக யாரும் தொடாதவற்றுக்குப் படிக்கும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். தேவைப்பட்டவர்கள் தாங்களே போன் செய்தார்கள்.

யாருக்கு எது தெரியலாம் என்று கட்டுப்படுத்தும் ரேஞ்சர் என்ற கருவியில் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்தோம். ஆதார் எண்ணுக்கும் அப்படியே. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் வேறு எதையோ தேடும்போது ரிமார்க்ஸ் ஃபீல்டைத் திறந்தேன். வசூலுக்குப் போனவர்கள் கையால் தட்டியவை. "வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில், கிட்னி ஃபெயிலியர், மகளிடம் பேசவும்" என்று எழுதி, பக்கத்திலேயே மகளின் நம்பர். அந்தப் பெண் எங்களிடம் எதற்கும் சம்மதம் சொன்னவள் இல்லை. பத்து இலக்கம், பன்னிரண்டு இலக்கம் என்று எண்களைத் தேடிப் பிடித்துவிடலாம். நோயையும் சாவையும் எந்த பேட்டர்னை வைத்துப் பிடிப்பது? அந்த ஃபீல்டையே மூடச் சொன்னேன்.

"அண்ணா, அது இல்லாம எங்க மாடல் ஓடாது" என்று அனலிடிக்ஸ் தம்பி சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரிமார்க்ஸைப் படித்து 'மருத்துவம்', 'வேலையிழப்பு' போல ஒரு வகையை மட்டும் எழுதும் தனி ஜாப் (தானாக ஓடும் புரோகிராம்) போட்டோம். அசல் ரிமார்க்ஸைத் திறக்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அவனுக்கு அந்த வகை போதுமானதாக இருந்தது.

போன மாதம், கடன் வாங்காமலே விலகிய ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொல்லி எழுதியிருந்தார். எங்கள் டேபிள்கள் இருக்கும் பார்க்கே வகை ஃபைலில் ஒரு வரியை மட்டும் நீக்க முடியாது, முழு ஃபைலையும் புதிதாக எழுத வேண்டும். எழுதினாலும் பழையது ட்ராஷில் இருக்கும், முன்பு எடுத்து வைத்த நகலான ஸ்னாப்ஷாட்டிலும் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்த பிறகு சந்தேகத்தில் இன்னொரு முறை தேடினேன். எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் ஹோம் ஃபோல்டரில் ஒரு காப்பி இருந்தது. அதையும் அழித்துவிட்டுத்தான் அழிக்கச் சொன்னவருக்குப் பதில் எழுதினேன். இப்போது ஹோம் ஃபோல்டர்களை வாராவாரம் துழாவுகிறோம்.