அடித்தட்டில் கேக் இல்லை

"உண்மையைத்தானே சொன்னனீ, பிறகென்ன?" என்கிறாள் அக்கா. உண்மைதான். ஆனால் கேக்குக்குக் காசு தந்தவர் சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தார், நானும் சரி என்றிருந்தேன். அந்தச் சரிதான் இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

பெற்றோரின் வெள்ளி விழாவுக்கு ஐந்து தட்டுக் கேக் வேண்டும் என்று பிரான்சிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். ஆளுயரத்துக்கு வெள்ளைக் கேக், பக்கமெல்லாம் சீனிப் பூ. நான் முன்பள்ளி ஆசிரியை. கேக் பின்னேர வேலை. மாதர் சங்கத்தில் நடந்த வகுப்பும் யூடியூப்பும்தான் என் படிப்பு. அவ்வளவு பெரிதாக அதுவரை செய்ததில்லை. ஐந்தையும் கேக்கில் செய்வது இங்கே சரிவராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்ப கீழ மூண்டையும் ரெஜிபோமில செய்யுங்கோ அக்கா. அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, மனம் நொந்துபோவா" என்றார். ரெஜிபோம் என்றால் தேர்மோகோல், பாரமில்லாத அந்த வெள்ளை நுரைப் பலகை.

ரெஜிபோம் வைப்பது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கலியாண மண்டபங்களில் நிற்கும் உயரமான கேக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான். கத்தி வைக்கிற இடத்தில் மட்டும் கேக் இருக்கும். வந்தவர்கள் சாப்பிடுவது உள்ளே குசினியில் தனியாக வெட்டி வைத்த கேக்கை. இங்கே அதற்கு இன்னும் காரணம் இருக்கிறது. 16 அங்குலத் தட்டம் என் ஓவனுக்குள் போகாது. பட்டர் 32 பாகைக்கு மேலே போனால் உருகத் தொடங்கிவிடும். வன்னியில் ஓகஸ்ட் மத்தியானம் அதைத் தாண்டித்தான் நிற்கும். பட்டர் ஐசிங் பூசிய தட்டு ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு ஏறினால், உள்ளே குச்சி நட்டு, தட்டுக்குத் தட்டு கேக் அட்டை வைத்தாலும், அடித்தட்டு மெல்லப் புடைக்கும். சீனிப் பேஸ்ட் போர்த்திய கேக்கைப் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்த்து ஒட்டும். பிறகு பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் விசுவமடு வரை கொண்டுபோய், அங்கிருந்து கிரவல் ஒழுங்கைக்குள் இறக்க வேண்டும். பழைய கணக்கில் ஒரு றாத்தல் கேக் என்றால் மா ஒரு றாத்தல், மாஜரின் ஒரு றாத்தல், சீனி ஒரு றாத்தல், முட்டை பத்து. அந்த அடித்தட்டுக்கு எத்தனை றாத்தல் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிட்டேன்.

என் உழைப்பில் பெரும்பகுதி போனதும் அந்தப் பொய்த் தட்டுகளில்தான். ஜெலற்றினும் குளுக்கோசும் கிளிசரினும் போட்டுப் பேஸ்ட் பிசைந்து, விரித்து, மடிப்பு விழாமல் போர்த்தி, ரோசாப்பூவை இதழ் இதழாகக் காயவைத்து ஒட்டினேன். மேலே இருந்த கேக் இரண்டும் எனக்குப் பழகிய வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்ரியிடம், அதாவது அந்த மகனின் அம்மாவிடம், வாய் திறந்ததற்கு நேர்மை மட்டும்தானா காரணம் என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது.

கேக்கை விறாந்தையில் அடுக்கி முடித்து, கடைசிப் பூவை வைத்துக்கொண்டு நின்றேன். அன்ரி சேலையைச் சரிசெய்தபடி வந்து சுற்றிப் பார்த்தா.

"பிள்ளை, இந்த அடித்தட்டு எத்தினை பேருக்குக் காணும்?"

"ஏன் அன்ரி?"

"மல்லாவியில ரெண்டு வீட்டுக்கு அனுப்ப வேணும். எங்கட கலியாணம் அவையின்ர வீட்டு முத்தத்திலதான் நடந்தது. கேக்குக்கு எங்க போறது அப்ப? நாளைக்குக் காலமை இதை வெட்டி பஸ்ஸில குடுத்து விடுவம்."

1996 இல் போரில் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போனதும், பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி என்ன விலை விற்றது என்பதும் இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் கலியாணம் 1999 இல். அன்ரி அதைப் பெரிய கதையாகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு நின்றா. நான்தான் சொன்னேன்.

"அன்ரி, கீழ மூண்டும் ரெஜிபோம். மேல ரெண்டுந்தான் கேக்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டா: "அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எவ்வளவு எடுத்தனீங்கள்?"

"அதைத் தம்பியிட்டைக் கேளுங்கோ அன்ரி."

இந்த மூன்று பதிலையும்தான் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருக்கிறேன். குசினிக் கேக்கில் நல்லதாக ஒரு பெட்டி கட்டிக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்று அக்கா இப்போது சொல்கிறாள். முடிந்திராது. சனம் போனதும் அன்ரியே கத்தியை எடுத்துக்கொண்டு அடித்தட்டுக்குப் போயிருப்பா. கத்தி ரெஜிபோமில் இறங்குகிற சத்தத்தில் தெரிய வருவதைவிட என் வாயால் தெரிவது நல்லதில்லையா? அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் கையில் போன் இருந்தது. மகனுக்கு ஒரு வரி போட்டுக் கேட்டிருக்கலாம்.

"ஓம்" என்ற இரண்டாவது பதில் இன்னும் மோசம். தெரியாது என்றிருந்தால் நான் கள்ளி. ஓம் என்றதும் என் பெயர் தப்பியது, மகன் மாட்டிக்கொண்டார். உண்மை சொல்கிற ஆள் என்றால் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டுமே? விலையை மட்டும் ஏன் விழுங்கினேன்? 60,000 ரூபாய் என்று சொன்னால் அன்ரி அந்த மூன்று தட்டையும் பார்க்கிற பார்வையை என்னால் தாங்கியிருக்க முடியாது. நியாயமான விலைதான். இருந்தும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. வீடியோவில் மகன் வந்தார். கேக்கைக் காட்டச் சொன்னார். அன்ரி போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஆறுதலாகக் காட்டிவிட்டு, "நல்ல வடிவு ராசா. அடித்தட்டை நாளைக்கு மல்லாவிக்கு அனுப்பப் போறன்" என்றா. அந்தப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி. நெட்வேர்க்காகவும் இருக்கலாம். "சரி அம்மா, அனுப்புங்கோ" என்றார் அவர். கேக் வெட்டி முடிவதற்குள் எனக்கு மெசேஜ் வந்துவிட்டது: "அக்கா, அம்மாவை எப்பிடியாவது சமாளியுங்கோ." நான் மறுபடியும் சரி என்று போட்டேன்.

அன்ரி மகனைச் சோதித்தாவா? அல்லது தனக்குத் தெரியாது என்று அவர் நம்பட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாவா? புறப்படும்போது என்னிடம், "எனக்குத் தெரியுமெண்டு அவனிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை, பாவம்" என்றதைப் பார்த்தால் இரண்டாவதுதான். ஆனால் வீடியோவில் அந்த வசனத்தைச் சொல்லும்போது அவவின் கண் போனில் இல்லை, என்னில் இருந்தது. மல்லாவிக்குப் போனது நான் குசினியில் வெட்டிக் கட்டிய பெட்டிதான். அன்ரியே நின்று கட்டுவித்தா.

ஆக, மகனின் ரகசியத்தைத் தாயிடம் சொன்ன நான், தாயின் ரகசியத்தை மகனிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி நன்றி சொல்லி எழுதியிருந்தார், சமாளித்ததற்கு. அதற்கு என்ன பதில் எழுதுவது? ஒரு சிரித்த முகம் போட்டேன். காசு தருபவரா, கேக் யாருக்கோ அவரா, யாருக்கு நான் வேலைக்காரி என்று முதலே யோசித்திருந்தால் தெளிவாக நடந்திருப்பேன் என்று சில நாள் தோன்றும். கேக் செய்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சில நாள்.

இப்போதெல்லாம் ஓடர் எடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: எந்தத் தட்டு ரெஜிபோம், வீட்டில் யார் யாருக்குத் தெரியும், கேட்டால் சொல்லிவிடுவேன், சரியா? சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டு வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு இது விசர் வேலை.

ஆனால் போன மாதம் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா வந்து, "இது முழுக்கக் கேக்தானே?" என்று கேட்டா. பக்கத்தில் பொம்பிளை வீட்டார் நின்றார்கள். "மேல் தட்டிலதான் வெட்டுவினம் அன்ரி" என்று சொல்லிவிட்டு, இல்லாத சுருக்கம் ஒன்றை நீவிக்கொண்டு நின்றேன்.