புழுவின் தாடை

மென்மையான உடல் கொண்ட கடற்புழுக்கள் இறந்ததும் அழுகி மறைந்துவிடுகின்றன. ஆனால் பாலிகீட்டா எனப்படும், பக்கவாட்டில் முள்மயிர்கள் கொண்ட வகைப் புழுக்கள் சிலவற்றின் கடினமான தாடைகள் மட்டும் பாறைகளுக்குள் எஞ்சிவிடுகின்றன. ஸ்கோலிகோடான்ட் எனப்படும் இப்புதைபடிவங்கள் கேம்பிரியன் காலத்தின் இறுதியில் (ஏறத்தாழ 49 கோடி ஆண்டுகளுக்கு முன்) தோன்றி, அதையடுத்த ஆர்டோவிசியன் காலத்தில் பற்பல வடிவங்களாகப் பெருகின. சுண்ணாம்புப் பாறையை அமிலத்தில் கரைத்தால், கரிமப் பொருளாலான இவை கரையாமல் நிற்கும். பெரும்பாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாதவை என்பதால் நுண்ணோக்கியின்றி வேலை நடக்காது. மங்கோலிய டைனோசர் ஆய்வுகளுக்காகப் புகழ்பெற்ற போலந்து அறிஞர் சோபியா கீலான்-யவரோவ்ஸ்கா, 1966இல் இத்தாடைகளைப் பற்றியும் விரிவான ஆய்வு நூலொன்றை வெளியிட்டார் என்பது பலரும் அறியாத செய்தி.

இவற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1994இல் சேகரிக்கப்பட்டு, அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் காத்திருந்து, 2017இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்ட வெப்ஸ்டெரோப்ரியான் ஆம்ஸ்ட்ராங்கி என்ற புழு. (பெயரின் முற்பகுதி டெத் மெட்டல் என்ற அதிரடி ராக் வகையை வாசிக்கும் ஓர் இசைக்குழுவின் பேஸ் கிதார் கலைஞருக்குரியது, அறிவியலாளர்களுக்கும் ரசனை உண்டு!) ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் கடலில் வாழ்ந்த இப்புழுவின் தாடை ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகம். உடல் கிடைக்கவில்லை, இன்றைய உறவுப் புழுக்களின் தாடைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே, அது ஒரு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர்.