சாயம் போகாத சொல்: சிஜிஎல் ஆங்கிலத் தாளில் நான் சறுக்கிய இடம்

மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்சி சிஜிஎல் இரண்டாம் நிலைத் தேர்வின் முடிவு சென்ற வாரம் வெளியானது. இம்முறை என் பதிவெண் பட்டியலில் இருக்கிறது. சென்ற முறை இல்லாமல் போனதற்கு, மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த 'ஃபாஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லே காரணம் என்று இன்றும் நம்புகிறேன். 45 ஆங்கில வினாக்களில் ஒன்றுதானே என்று கேட்பார்கள். சரியான விடைக்கு 3, தவறான விடைக்குக் கழிவு 1 என்னும்போது, ஒரே வினாவில் 4 மதிப்பெண் இடைவெளி விழுகிறது. நான் கோட்டைவிட்டதோ அதற்கும் குறைவான மதிப்பெண்ணில்.

துணியின் நிறம் 'ஃபாஸ்ட்' என்று வந்த வாக்கியத்தில் அதற்கு இணையான சொல்லைக் கேட்டிருந்தார்கள். நான் யோசிக்காமல் 'ரேபிட்' (விரைவான) என்று குறித்தேன், விடை 'ஃபர்ம்' (உறுதியான). என் அம்மா இருபது ஆண்டுகளாக ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுபவர். வாடிக்கையாளர் முந்தானையை ஈர விரலால் தேய்த்துப் பார்க்கும்போதெல்லாம், "ஃபாஸ்ட் கலருங்க, சாயம் போகாது" என்று அவர் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவன் நான். விடைக்குறிப்பு வந்த அன்று விஷயத்தைச் சொன்னபோது, "என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேடா" என்றார்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அசையாதது, இறுகப் பற்றியது என்பதே முதற்பொருள். விரைவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இருக்கைப் பட்டையை மாட்டச் சொல்லும் 'ஃபாசன்', நிலைகுலையாதவரைக் குறிக்கும் 'ஸ்டெட்ஃபாஸ்ட்' ஆகியவற்றில் அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. உண்ணாநோன்பைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' கூட, உறுதியாகக் கடைப்பிடித்தல் என்ற அதே வேரில் கிளைத்ததுதான்.

குறித்துக்கொள்ள வேண்டியவை:

- 'ஃபாஸ்ட் அஸ்லீப்': ஆழ்ந்த உறக்கத்தில் இருத்தல்.
- 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்': இணைபிரியாத நண்பர்கள். சீக்கிரம் நண்பரானவர்கள் என்று ஒரு தெரிவு இருந்தால் அது பொறி.
- 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்': தளர்த்த முடியாத விதி, பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்தில் வரும்.
- 'ஃபாஸ்ட்லி' என்று எழுதுவது பிழை. பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே வடிவம்தான்.

எனக்குப் பட்டியல் மனப்பாடம் வராது. ஆகவே இரண்டாம் முறை அரிய சொற்களை அடியோடு விட்டுவிட்டு, தெரியும் என்று நான் நினைத்திருந்த அறுபது சொற்களை மட்டும் அகராதியில் மீண்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதினேன். நினைவாற்றல் மிக்கவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். நேரம் இல்லாதவர்கள் 'செட்' என்ற ஒன்றையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள். 'செட் ஐடியாஸ்' என்று வரும்போது அதற்கும் மாறாதது என்றே பொருள்.