ஆரூரில் ஒரு சாயரட்சை

கண்புரை அறுவை முடிந்து, இனிக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியூர் போகலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, முதலில் போவது திருவாரூருக்குத்தான் என்று அம்மா தீர்மானித்துவிட்டார். குலதெய்வம் கோயிலுக்குக்கூட அப்புறம் போய்க்கொள்ளலாமாம். காரணம் கேட்டதற்கு, "கண்ணைப் பறிகொடுத்தவர் சண்டை போட்டுக் கண்ணை வாங்கிய ஊர் அது, வேறு எங்கே போவது?" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மருத்துவர் சில கட்டுப்பாடுகளும் விதித்திருந்தார். தூசு ஆகாது, கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது, திருநீறு உதிர்ந்து கண்ணில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தீபத்தைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கோயிலுக்குப் போகிறவரிடம் இதையெல்லாம் செய்யாதே என்றால், வேறு என்னதான் செய்வது என்ற கேள்வி அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

தை மாதத்தின் ஒரு சாதாரண வார நாளில், மாலை நாலரை மணி வாக்கில் கமலாலயக் கரைக்கு வந்து சேர்ந்தோம். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி" என்று இவ்வூர்ப் பெருமையைச் சொல்லும் பழமொழியைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஒரு வேலி என்பது 6.6 ஏக்கர், ஐந்து வேலிக்கு 33 ஏக்கர் ஆகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் மேற்குக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு, எதிர்க்கரைப் படிகள் கோடாகத் தேய்ந்து தெரியும் அந்த நீர்ப்பரப்பைப் பார்க்கும்போதுதான், பழமொழி சொன்னவன் மிகைப்படுத்தவில்லை என்பது புரிகிறது. குளத்தின் நடுவே தீவைப் போல நாகநாதர் கோயில் இருக்கிறது. அம்மா கண்ணாடியைச் சற்றே உயர்த்தி, அங்கே கோயில் இருப்பது இதுவரை தமக்கு ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் தெரிந்திருந்தது என்றார். காலை மட்டும் நனைத்துக்கொண்டார். தலையில் தெளித்துக்கொள்ளக் கை எழுந்தது, பாதியில் நின்றது.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாத அவர், தூர்ந்துபோயிருந்த இந்தக் குளத்தைத் தாமே தோண்ட முனைந்தார். குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிச் சுமந்து, மறுபடியும் கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவருக்குப் பின்னர் இறைவன் கண் கொடுத்தது பெரிய அற்புதம்தான். இருந்தாலும் அந்தக் கயிறுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. கண் தெரியாத ஒருவர் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பும் வழியை அவ்வளவு நுணுக்கமாகச் சேக்கிழார் எண்ணிப் பார்த்திருக்கிறாரே என்ற வியப்பு, ஒவ்வொரு முறை இந்தப் படிக்கு வரும்போதும் எழுகிறது.

இதே குளத்தில்தான் தேவாரம் பாடிய சுந்தரர் பொன்னைத் தேடினார். திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, இங்கே வந்து கமலாலயத்தில் இறங்கித் துழாவினார். "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது" என்று நாம் கேலியாகச் சொல்வதை அவர் உண்மையாகவே செய்தார். கிடைத்த பொன்னின் மாற்றை உரைத்துப் பார்த்துச் சொன்ன பிள்ளையார் 'மாற்றுரைத்த விநாயகர்' என்ற பெயருடன் கரையிலேயே இருக்கிறார். அவருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தோம்.

இக்கோயிலில் எத்தனை கோபுரம், எத்தனை விமானம், எத்தனை லிங்கம், எத்தனை விநாயகர் என்று மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் நுழைவாயிலிலேயே கிடைப்பார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் சாயரட்சை என்னும் மாலைப் பூசையைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நேராகத் தேவாசிரிய மண்டபத்துக்குப் போனோம். அடியார்கள் கூடியிருந்த இந்த மண்டபத்தைக் கும்பிடாமல் சுந்தரர் இக்கோயில் இறைவனான தியாகேசரை நோக்கி நேரே நடந்துவிட்டதாக எண்ணி, "அடியாருக்கு அவனும் புறம்பு, அவனை ஆண்ட சிவனும் புறம்பு" என்று விறன்மிண்ட நாயனார் கோபித்த இடம் இது. இறைவனையே தள்ளிவைக்கும் அளவுக்கு அடியார்மேல் அன்பு வைத்த அந்தக் கோபத்துக்குப் பதிலாக எழுந்ததுதான், "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்று தொடங்கும் திருத்தொண்டத்தொகை. அந்தப் பதிகம் இல்லையென்றால் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி இல்லை. அது இல்லையென்றால் பெரியபுராணமும் இல்லை. அறுபத்து மூவர் வரிசையாக நிற்கும் எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும், அந்த வரிசை தொடங்கியது இந்த மண்டபத்தின் வாசலில்தான்.

மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைத் தமிழ்க் குறிப்புகளுடன் வண்ண ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணைநின்ற முசுகுந்தன், அதற்குக் கைம்மாறாக இந்திரன் பூசித்துவந்த சோமாஸ்கந்த மூர்த்தியான தியாகேசரையே கேட்டுவிட்டான். கொடுக்க மனம் வராத இந்திரன், அச்சாக அதைப் போலவே வேறு ஆறு மூர்த்திகளைச் செய்வித்து, எது உண்மையானதோ அதை எடுத்துக்கொள் என்றான். முசுகுந்தன் இறைவன் அருளால் உண்மையானதையே தொட்டான். இந்திரன் ஏழையும் கொடுத்துவிட்டான். அந்த ஏழும் இருக்கும் ஊர்களே திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்னும் சப்தவிடங்கத் தலங்கள். இவை ஏழையும் ஒரே நாளில் வேனில் சுற்றிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தலத்திலும் தியாகேசரின் நடனம் வேறு என்று சொல்லும்போது, அதை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அம்மா கழுத்தை நிமிர்த்தி விதானத்தை வெகுநேரம் பார்த்தார். "சிவப்பு இவ்வளவு சிவப்பா?" என்று கேட்டார். எனக்கு அது மங்கிப்போன காவியாகத்தான் தெரிந்தது.

மூலட்டானத்தில் புற்றிடங்கொண்டாரை வணங்கினோம். தியாகேசர் வருவதற்கு முன்பே, புற்றையே இடமாகக் கொண்டு இங்கே இருப்பவர் இவர். இறைவன் ஆரூரைக் கோயிலாகக் கொண்டது எந்த நாளில், உலகம் தோன்றியதற்கு முன்னா பின்னா என்று அப்பர் ஒரு பதிகம் முழுக்கக் கேட்டுக்கொண்டே போவது இவருடைய பழமையை எண்ணித்தான்.

இதே மதிலுக்குள் தனிக்கோயிலாக இருக்கும் ஆரூர் அரநெறியும் தேவாரப் பாடல் பெற்றது. கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவியார் அதைக் கற்றளியாக, அதாவது கல்லால் கட்டிய கோயிலாக, எடுப்பித்தார். அங்கே நமிநந்தியடிகள் விளக்கேற்ற நெய் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். "உங்கள் சாமி கையிலேயே நெருப்பு வைத்திருக்கிறாரே, அவருக்கு விளக்கு எதற்கு? ஏற்றித்தான் ஆகவேண்டுமென்றால் தண்ணீரை ஊற்றி ஏற்றும்" என்று அவர்கள் கேலி செய்ய, அவர் குளத்து நீரை முகந்து வந்து வார்த்து, விடிய விடிய விளக்கெரித்தார். நாங்கள் போனபோது சன்னதியில் ஒரே ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. திரி கருகாமல் இருக்கிறதா என்று அம்மா குனிந்து பார்த்து, விரல் நுனியால் தூண்டிவிட்டார்.

விளக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அரசனும் அவனுக்கு நெருக்கமானவராக, அனுக்கியாராக இருந்த பரவை நங்கையும் இக்கோயிலில் நின்று வணங்கிய இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதைச் சொல்கிறது. கங்கையும் கடாரமும் கொண்டவனுடைய வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்திகள் எத்தனையோ இருக்கின்றன. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாமி கும்பிட்ட இடத்தை ஊருக்குக் காட்டுவதற்காக ஒரு விளக்கு வைத்தார்கள் என்ற செய்தியோ, அந்த மெய்க்கீர்த்திகளைவிட நெருக்கமாக என்னிடம் பேசுகிறது.

ஆறு மணி நெருங்கியபோது தியாகேசர் சன்னதியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தில்லையில் அர்த்தசாமம், ஆரூரில் சாயரட்சை என்பார்கள். தேவர்கள் அனைவரும் இந்த வேளையில் இங்கே வந்துவிடுவதாக ஐதிகம். இங்கே நந்திகூடப் படுத்திருக்கவில்லை, எழுந்து நிற்கிறது. அரசர் கொலுவிருக்கும்போது ஏவலர் உட்கார்ந்திருப்பார்களா என்ன?

தியாகேசரைப் பார்ப்பது என்பது மற்ற மூர்த்திகளைப் பார்ப்பது போன்றது அன்று. அம்மையும் கந்தனும் உடனிருக்கும் சோமாஸ்கந்த வடிவம் அது என்று நமக்குத் தெரியும். ஆனால் மலரும் பட்டும் முழுவதையும் மூடியிருக்கும், முகம் மட்டுமே காட்சிக்கு உண்டு. திருமால் தம் மார்பில் இம்மூர்த்தியை வைத்து வழிபட்டபோது, அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இவர் அசைந்தாடியதே அஜபா நடனம் என்பது மரபு. ஆடும் உடலை மறைத்துவிட்டு, அமைதியான முகத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறார்கள். மார்கழித் திருவாதிரையில் வலப்பாதம், பங்குனி உத்திரத்தில் இடப்பாதம். ஆண்டில் இவ்விரண்டு நாள்களில்தான் திருவடி தரிசனம். எல்லாவற்றையும் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, ஓர் ஆண்டுக்கு இரண்டு பாதங்கள் போதும் என்று வைத்திருக்கும் இந்த ஒழுங்கு முதலில் சற்று எரிச்சல் ஊட்டும். எனக்கும் ஒரு காலத்தில் ஊட்டியது.

திரை விலகும் நேரத்தில் பஞ்சமுக வாத்தியம் முழங்கியது. வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய்கள் வைத்தாற்போன்ற அந்தக் கருவியில் நடுமுகம் பெரியது, சுற்றியிருக்கும் நான்கும் சிறியவை. சிவபெருமானின் ஐந்து முகங்களான சத்தியோசாதம், வாமதேவம், அகோரம், தத்புருடம், ஈசானம் ஆகியவற்றின் பெயர்களையே இவற்றுக்கும் சொல்வார்கள். வாசிப்பவரின் உள்ளங்கை நடுமுகத்தில் விழும்போது ஒலி தரையிலிருந்து கால்வழியாக ஏறி வருகிறது. அது அடங்குவதற்குள் விரல்கள் மற்ற முகங்களுக்குத் தாவிவிடுகின்றன. தியாகையர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரும் பிறந்த ஊர் இது. இந்த ஒலியைக் கேட்டுத் தொட்டிலில் உறங்கிய பிள்ளைகள் பாடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அடுக்குத் தீபம் எழுந்தது. அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி அவ்வூர் எல்லையைத் தாண்டிய சுந்தரர் இரண்டு கண்களையும் இழந்தார். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் கிடைக்காமலேயே ஆரூருக்கு வந்து, 'மீளா அடிமை' என்று தொடங்கி, அடியார்கள் தம் அல்லலைச் சொன்ன பிறகும் சும்மா இருக்கிறீர் என்றால் "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். நன்றாக இருந்துவிட்டுப் போங்கள் என்று கோபத்தில் நாம் சொல்கிறோமே, அதே தொனிதான். கெஞ்சிக் கேட்டவர்களுக்கு இங்கே என்ன கிடைத்ததோ, சண்டை போட்ட தோழருக்குக் கண் கிடைத்தது.

தீபம் இறங்கி எங்களிடம் தட்டு வந்தபோது, அம்மா இரு கைகளையும் சுடரின்மேல் காட்டி எடுத்து, பழக்கத்தில் கண்ணருகே கொண்டுபோய், சட்டென்று நினைவு வந்தவராக நெற்றிக்கு உயர்த்தி ஒற்றிக்கொண்டார். திருநீற்றைக் கீற்றாக இடாமல், உள்ளங்கையிலேயே மூடி வைத்துக்கொண்டார். வெளியே வந்து தூணில் சாய்ந்து நின்ற பிறகுதான் பேசினார்.

"பக்கத்துல அம்பாள் முகமும் தெரியுதே தம்பி. நான் இத்தனை வருஷமா சாமி முகம் ஒண்ணுதான்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"எப்பவும் அப்படித்தாம்மா இருக்கு."

"இருந்திருக்கும். எனக்குத் தெரியலை."

ஒன்பது கோள்களும் ஒரே வரிசையில் நிற்கும் நவக்கிரகச் சன்னதியைக் கடந்து, நீலோத்பலாம்பாளைத் தொழுதோம். பக்கத்தில் தோழி இடுப்பில் வைத்திருக்கும் குழந்தை முருகனின் தலையில் கையை வைத்தபடி நிற்கிறாள் அம்மை. யோகாசனத்தில் வீற்றிருக்கும் கமலாம்பாள் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அங்கே குருக்கள் குங்குமம் கொடுத்தார். அம்மா கையிலிருந்த திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டிக் குங்குமத்தை வாங்கிக்கொண்டார்.

பேருந்துக்குத் திரும்பும் வழியில் கமலாலயத்தின் கரையோர விளக்குகள் நீரில் நீளநீளமாக ஆடிக்கொண்டிருந்தன. அம்மா நின்று பார்த்தார். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கும் குறைவு என்றேன். "அப்போ எந்தப் பாதம்?" என்றார். "இடது பாதம்" என்றேன். கறுப்புக் கண்ணாடியை முந்தானையில் துடைத்து, போட்டுக்கொள்ளாமல், பைக்குள் வைத்துக்கொண்டார்.